மென்பொருளின் விலையும் அதனால் ஆகும் செலவும்

ஐம்பது அறுபது பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு தொழிற்சாலையோ, மூன்று கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக் கடையோ வைத்திருப்பவரை இக்காலத்தில் ஒரு கனவான் தேடிக்கொண்டு வருகிறார். அவர் கையில் மடிக்கணினி இருக்கிறது. வாயில் ஈ.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்து மந்திரம் இருக்கிறது. கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், வரி ஆகிய யாவும் ஒரே மென்பொருளில் அடங்கிவிடும் என்கிறார். முதலாளி காலையில் காபி அருந்தும்போதே நேற்றைய லாப நஷ்டத்தைக் கைப்பேசியில் பார்த்து விடலாம் என்கிறார். அவர் சொல்வதில் பொய் கிடையாது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு காகிதத்தை நீட்டுகிறார். அதில் ஒரு தொகை எழுதியிருக்கிறது.

அந்தத் தொகையைப் பற்றித்தான் நாம் இங்கே எழுதப் போகிறோம். மென்பொருளுக்கு விலை என்று ஒன்று உண்டு. அதைக் கொண்டு வந்து வேலை செய்ய வைப்பதற்குச் செலவு என்று வேறொன்று உண்டு. காகிதத்தில் இருப்பது முன்னது. பின்னது அதைப்போல் இரண்டு மடங்காகவும் இருக்கலாம், மூன்று மடங்காகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாந்தவர்களில் நமது ஊர் வியாபாரிகள் மட்டுமல்ல, மேல்நாட்டின் பெரிய ஸ்தாபனங்களும் உண்டு.

முதலில் இது என்ன வஸ்து என்று பார்த்து விடுவோம். நமது பழைய வியாபாரக் குடும்பங்களில் தினசரிக் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் ஒவ்வொரு தொகையும் நடந்து செல்லும். கணக்குப்பிள்ளை தம் கையால் அதை நடத்திச் செல்வார். ஈ.ஆர்.பி. என்பது அந்தப் பயணத்தைத் தானாகவே செய்கிற ஏற்பாடு. கிடங்கில் இருப்பவர், “நூறு பெட்டி வந்தது” என்று ஒரு முறை பதிந்தால் போதும். சரக்கிருப்பு கூடும், விற்றவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறும், வரிக் கணக்கிலும் அது போய் உட்காரும். இதில் உள்ள சௌகரியமும் ஆபத்தும் ஒன்றே. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு பிழை ஒரு பக்கத்தோடு நின்றது. இங்கே கிடங்கில் நேர்ந்த பிழை அடுத்த நிமிஷமே ஐந்தொகை வரை போய்விடுகிறது.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். பர்மிங்ஹாம் அந்தத் தேசத்தின் இரண்டாவது பெரிய நகரம். 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லேன், காஸ் கம்பெனிகளையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகர சபையின் உடைமையாக்கி, நகராட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெயர் வாங்கிய ஊர் அது. சுயாட்சிக்கு இந்தியருக்குப் பக்குவம் போதாது என்று அந்நாட்டார் நமக்கு உபதேசம் செய்துவந்த நாட்களில், அவர்களுடைய பக்குவத்துக்கு அத்தாட்சியாக நின்ற ஊர் என்றும் சொல்லலாம்.

இந்த நகர சபை 1999 முதல் ஜெர்மன் கம்பெனியான எஸ்.ஏ.பி.யின் மென்பொருளில் தன் கணக்குகளை நடத்தி வந்தது. இருபது ஆண்டுகளில், ஒவ்வொரு இலாகாவின் வழக்கத்துக்கும் ஏற்றவாறு அதை வெட்டியும் ஒட்டியும் தைத்து வைத்திருந்தார்கள். பிறகு அதை விட்டு அமெரிக்கக் கம்பெனியான ஆரக்கிளின் மென்பொருளுக்கு மாறுவதென்று தீர்மானித்தார்கள். முதல் மதிப்பீடு சுமார் 2 கோடி பவுன். 2020 முடிவுக்குள் வேலை பூர்த்தியாகும் என்பது திட்டம். உண்மையில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது 2022 ஏப்ரலில். அதற்குள் மதிப்பீடு ஏறக்குறைய 4 கோடி பவுனாகி விட்டது. 2023-ல், எல்லாவற்றையும் சீர்செய்ய 10 கோடி பவுன் வரை ஆகலாம் என்று நகர சபையே அறிவித்தது. பின்னால் வந்த மதிப்பீடுகள் அதையும் தாண்டின.

பணம் எங்கே போயிற்று? இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். புதிய மென்பொருளை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு, நகர சபை தன் வழக்கங்களை அதற்கேற்ப மாற்றிக் கொள்ளும் என்பதுதான் ஆரம்ப யோசனை. நல்ல யோசனை. ஆனால் பழைய வழக்கங்களை விட மனம் வரவில்லை. மென்பொருளையே மாற்றத் தொடங்கினார்கள். முக்கியமாக, வங்கியில் வந்து விழும் பணத்தை இன்ன வரிக்கு, இன்ன கட்டணத்துக்கு என்று கணக்கோடு ஒத்துப் பார்க்கும் பகுதியைத் தங்களுக்கென்று தனியாகச் செய்து கொண்டார்கள். மென்பொருள் ஓடத் தொடங்கியதும் அந்தப் பகுதிதான் முதலில் படுத்துக்கொண்டது. பணம் வந்தது, யாருடையது என்று தெரியவில்லை. எந்த இலாகா எவ்வளவு செலவழித்திருக்கிறது என்பதை நம்பிச் சொல்ல இயலவில்லை. இயந்திரம் செய்ய வேண்டிய வேலையைச் சிப்பந்திகள் உட்கார்ந்து கையால் செய்தார்கள். அந்தக் கைவேலைக்கும் சம்பளம் உண்டு அல்லவா? தணிக்கையாளர் ஏற்கத்தக்க கணக்கைத் தயாரிப்பதே பெரும்பாடாயிற்று. இறுதியில், செய்ததைச் செப்பனிடுவதைவிட மென்பொருளை மறுபடியும் முதலிலிருந்து, இம்முறை உள்ளபடியே, அமைத்துக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். எந்த யோசனையை முதலில் வைத்துக் கைவிட்டார்களோ, அதே யோசனைக்கு, பல மடங்கு பணத்தைச் செலவழித்துத் திரும்பி வந்தார்கள்.

2023 செப்டம்பர் 5-ந் தேதி, அத்தியாவசியம் அல்லாத புதுச் செலவு எதையும் செய்வதற்கில்லை என்று நகர சபை சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தது. மென்பொருள்தான் நகரத்தைக் கவிழ்த்தது என்று சிலர் எழுதியது மிகை. ஆண்களுக்குச் சமமான ஊதியம் பெண் ஊழியர்களுக்குக் கொடுக்கப்படாத பாக்கி 65 கோடி முதல் 76 கோடி பவுன் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அதுவே பெரிய சுமை. ஆனால் மூழ்குகிற படகில் இருப்பவனுக்குத் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்றாவது தெரிய வேண்டும். அந்த அளவுகோலைத்தான் மென்பொருள் பிடுங்கிக்கொண்டது. 2024-ல் நகரத்து ஜனங்களின் வீட்டு வரி ஏறத்தாழ 10 சதவீதம் உயர்ந்தது. நூலகங்களின் நேரம் குறைந்தது.

வழக்கத்தை மாற்ற மறுப்பதற்கு எவ்வளவு விலை என்பதற்கு ஜெர்மனியின் லிட்ல் என்னும் பெரிய மளிகைக் கடை ஸ்தாபனத்தையும் சொல்லலாம். சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பது அவர்கள் வழக்கம். மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பதையே இயல்பாகக் கொண்டது. ‘நாங்கள் மாற மாட்டோம், மென்பொருள் மாறட்டும்’ என்று உட்கார்ந்தார்கள். 2011-ல் தொடங்கிய வேலையை 2018-ல் கைவிட்டபோது சுமார் 50 கோடி யூரோ செலவாகி இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆயத்தச் சட்டையை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்து ஒவ்வோர் அங்குலமாகப் பிரித்துத் தைக்கச் சொன்னால், தையற்கூலி சட்டையின் விலையைத் தாண்டும் என்பது நமது இல்லங்களில் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்துச் சுகாதார இலாகாவின் கதை வேறு மாதிரி. அங்கே எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். இரவு வேலை, விடுமுறை வேலை, படிகள் என்று சம்பளம் கணக்கிடும் விதங்கள் மட்டும் 24,000-க்கு மேல் இருந்தன. இவற்றையெல்லாம் முழுமையாக எழுதி முடிக்கு முன்பே விலை பேசி ஒப்பந்தம் செய்து விட்டார்கள். ஒப்பந்தத் தொகை சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2010 மார்ச்சில் மென்பொருள் ஓடத் தொடங்கியது. சில நர்ஸுகளுக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. எட்டு ஆண்டுகளில் மொத்தச் செலவு 120 கோடி டாலராகும் என்று 2012-ல் மதிப்பிட்டார்கள். நியாயமாகச் சொல்வதானால், இவ்விரு தொகைகளும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. முன்னது ஒப்பந்தக்காரருக்குப் பேசிய விலை. பின்னதில், கோளாறுகளைத் திருத்தியவர்களின் கூலியும், சம்பளப் பட்டுவாடாவைப் பல ஆண்டு நடத்தும் செலவும் சேர்ந்திருக்கின்றன. நாம் சொல்ல வந்த வேறுபாடும் அதுவேதான்.

நிற்க. நமது ஊர் முதலாளியிடம் வருவோம். அவர் பர்மிங்ஹாம் அல்லர். நகர சபை தவறினால் வரியை உயர்த்தலாம். அவர் தவறினால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும், மனைவியின் நகையும் அதன் பின்னால் போகும். ஆகையால் அவருக்காகக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக் கொண்டவை. அவரவர் தொகையை அவரவர் இட்டுக்கொள்ள வேண்டும்.

இருபது பேர் உபயோகிக்கும் மென்பொருள். ஏஜெண்டு நீட்டிய காகிதத்தில் ரூ. 12 லட்சம், அதில் 7 லட்சம் உரிமத் தொகை, 5 லட்சம் அமைத்துக் கொடுக்கும் கூலி. இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது ரூ. 2,16,000. இதை விற்பனை வரியில் கழித்துக்கொள்ள வழியுள்ளவர்கள் கழித்துக்கொள்வார்கள். ஆனால் முதலில் கையை விட்டுப் போவது பணம்தானே? அதற்கும் ஏற்பாடு வேண்டும். கணினிகள், மின்சாரம் போனால் தாங்கும் பாட்டரி, கிடங்குவரை இணைய வசதி ஆகியவற்றுக்கு ரூ. 3 லட்சம் வைப்போம். இதுவரை எல்லோரும் போடுகிற கணக்குத்தான்.

காகிதத்தில் இல்லாதது இனிமேல் வருகிறது. மென்பொருளை அமைக்க வருகிறவர் உங்கள் வியாபாரத்தை அறியாதவர். கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய ஐந்து பகுதிகளிலும் நன்றாக வேலை தெரிந்த ஒருவர் அவரோடு உட்கார வேண்டும். தினம் பாதி நாள், எட்டு மாதம் என்று வைத்துக் கொள்வோம். மாதச் சம்பளம் ரூ. 40,000 ஆனால் பாதி 20,000. ஐந்து பேருக்கு எட்டு மாதத்தில் ரூ. 8 லட்சம். “சம்பளம் எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம், இதை ஏன் செலவில் சேர்க்கிறீர்கள்?” என்று முதலாளி கேட்பார். அவர்கள் செய்து வந்த பாதி வேலையை யார் செய்வது? வேறு ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் செலவு. வைக்காவிட்டால் அனுப்பாத சரக்கும் வசூலாகாத பாக்கியும் செலவு. அநேகமாக முதலாளிகள் இரண்டும் வேண்டாமென்று, வேலை தெரியாத புதுப் பையனை மென்பொருள்காரரோடு உட்கார வைத்து விடுகிறார்கள். நமது அபிப்பிராயத்தில், இந்த ஒரு சிக்கனத்தைப் போல் கேடு விளைப்பது வேறில்லை.

அடுத்தது பழைய கணக்கைச் சுத்தம் செய்வது. நாம் அறிந்த பம்பு உதிரிபாக வியாபாரி ஒருவரின் கிடங்கில் ஒரே சாமானுக்கு நான்கு பெயர்கள் இருந்தன. ஒரு சிட்டையில் ‘6205 பேரிங்’; இன்னொன்றில் ‘பேரிங் 6205’; மற்றொன்றில் ‘25 எம்.எம். பேரிங்’; கிடங்குக்காரரின் நோட்டில் ‘சின்ன பேரிங்’. மனிதருக்கு நான்கும் ஒன்று. மென்பொருளுக்கு நான்கும் நான்கு. அலமாரி நிறையச் சரக்கிருக்கையிலேயே ‘இருப்புத் தீர்ந்தது, உடனே வாங்கு’ என்று அது உத்தரவு போடும். ஆயிரக்கணக்கான சாமான்களையும், வாடிக்கையாளர் பெயர்களையும், ஜி.எஸ்.டி. எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இரண்டு பேர் நான்கு மாதம் உட்கார்ந்தால், தலைக்கு ரூ. 20,000 வீதம் ரூ. 1,60,000. அவர்கள் சந்தேகம் கேட்க வேண்டியது முப்பது வருஷமாகக் கிடங்கைக் காத்து வரும் பெரியவரிடம். அவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுவதாக இருந்தால், மென்பொருளுக்கு முன்னால் அவருக்கு ஓராண்டு வேலை நீட்டிப்புக் கொடுங்கள்.

பயிற்சிக்கு இருபது பேருக்குத் தலைக்குப் பத்து நாள். ஒரு நாள் கூலி ஆயிரம் என்றால் ரூ. 2 லட்சம். ஏஜெண்டு இரண்டு நாள் போதும் என்பார். அவர் படித்துக் காட்டுவதற்கு இரண்டு நாள் போதும்தான். பழையதும் புதியதும் இரண்டு மாதமாவது ஒன்றாக ஓட வேண்டும். ஒவ்வொரு பில்லும் இரண்டு இடத்தில் ஏறும். மாலையில் விளக்கு எரியும். அதிக நேர ஊதியமும் சிற்றுண்டியுமாக ரூ. 1,50,000.

கூட்டிப் பாருங்கள். வரியை நீக்கி ரூ. 28,10,000 ஆகிறது. இதன்மேல் எதிர்பாராததற்கென்று கால் பங்காவது வைக்க வேண்டும். சுமார் 7 லட்சம். 35 லட்சம் ஆயிற்று. பன்னிரண்டு என்று தொடங்கியது முப்பத்தைந்தில் வந்து நிற்கிறது. உரிமத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கேட்டால் ரூ. 1,40,000, ஐந்து ஆண்டில் இன்னும் 7 லட்சம். உரிமம் வாங்காமல் மாதச் சந்தாவில் உபயோகிப்பதானால் ஆரம்பத் தொகை குறையும். ஆனால் அதையும் ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்த பிறகே மலிவு என்று சொல்ல வேண்டும். ஆள் கூடக் கூடச் சந்தா கூடும் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

சுதேசி மென்பொருள் வாங்கலாமா என்று நேயர்கள் கேட்பார்கள். கட்டாயம் பார்க்க வேண்டும். பெங்களூரில் 1986-ல் ஒரு தந்தையும் மகனும் தொடங்கிய டாலி, நமது சிறு வியாபாரிகளின் கணக்குப்பிள்ளையாகவே ஆகிவிட்டது. மகன் பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னையின் ராம்கோ 1990-களிலேயே முழு ஈ.ஆர்.பி. செய்து விற்ற கம்பெனி. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் வைத்து உலகத்துக்கு மென்பொருள் விற்கும் ஸோஹோவை இங்கே அறியாதவர் இல்லை. டாலர் விலை ஏறும்போதெல்லாம் சந்தா ஏறும் என்ற கவலையும் இவற்றில் குறைவு. நமது வரிச் சட்டமும் இவர்களுக்குப் புரியும். கணக்கும் பில்லும் மட்டுமே தேவைப்படுகிறவர், முழு ஈ.ஆர்.பி.யைத் தேடிப் போகாமல் இருப்பதே பெரிய சிக்கனம் என்றும் சொல்வோம்.

மும்பையில் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் உரிமத் தொகை இல்லாமலே எடுத்து உபயோகிக்கலாம். மேலே போட்ட கணக்கில் 7 லட்சத்தை அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். எதிர்பாராததை நீக்கியும் ரூ. 21 லட்சத்துக்கு மேல் நிற்கிறது! விலை பூஜ்யமான போதும் செலவு இருபத்தொன்று. சுதேசியானாலும் விதேசியானாலும் இலவசமானாலும், ‘6205 பேரிங்’கின் நான்கு பெயர்களை ஒன்றாக்க உங்கள் வீட்டு மனிதர்தான் உட்கார வேண்டும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஹெர்ஷி என்னும் சாக்லேட் கம்பெனி 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் புதிய மென்பொருள்களைப் போட்டது. நான்கு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டாகச் சுருக்கி 1999 ஜூலையில் ஓடவிட்டார்கள். அங்கே அக்டோபர் முடிவில் ஹாலோவீன் பண்டிகை. நமக்குத் தீபாவளி எப்படியோ அவர்கள் மிட்டாய் வியாபாரத்துக்கு அது அப்படி. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது, அனுப்பத்தான் வழியில்லை. 10 கோடி டாலர் ஆர்டர்கள் நின்றுபோயின. நமது ஜவுளிக்காரர் ஆவணி, புரட்டாசியில் இந்த விஷப் பரீட்சைக்கு இறங்க வேண்டாம். ஏப்ரல் முதல் தேதி புதுக் கணக்குக்கு நல்ல நாள்தான். ஆனால் அன்று உங்கள் கணக்கர் மார்ச்சுக் கணக்கை முடிப்பதில் மூழ்கிக் கிடப்பார். அவருக்கு உதவியாக ஆள் வைக்கும் செலவையும் எழுதிக் கொள்ளுங்கள். ஏஜெண்டுக்குத் தரும் பணத்தையும் தேதிக்கு இவ்வளவு என்று ஒப்பவேண்டாம். ஒரு முழு மாதக் கணக்கு முடிந்து, வங்கிக் கணக்கோடு பைசா சுத்தமாக ஒத்துப்போய், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் தாக்கலான பிறகு தருவதென்று மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்தி வையுங்கள். பர்மிங்ஹாம் இடறியது அந்த வங்கிப் படியில்தான்.

கம்பெனியாகப் பதிவு செய்து கொண்டவர்களுக்குச் சட்டம் இரண்டு செலவுகளை வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு, அணைத்து வைக்க முடியாதபடி இருந்தாக வேண்டும். அந்த வசதி விலையில் அடக்கமா, தனிக் கட்டணமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றொன்று, கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டு காக்க வேண்டும் என்ற விதி. பேரேடானால் பரணில் போட்டு வேப்பிலை வைத்துவிடலாம். பழைய மென்பொருளில் உள்ள கணக்கைப் படிக்க அந்தப் பழைய மென்பொருள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு கணினியும், ஒரு உரிமமும், கடவுச்சொல் தெரிந்த ஒரு மனிதரும் எட்டு ஆண்டுக்கு வேண்டும். இதையும் பட்டியலின் அடியில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு ஏஜெண்டைக் கூப்பிட்டு அனுப்பலாம்.